கடலோரத்தில் வேலை பார்த்தபடியே தலைமைத்துவத்தில் முதுநிலைப் பட்டம்: எந்த வழியைத் தேர்வது?

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாட்கள். இராமேசுவரம், மண்டபம், தொண்டி, ஏர்வாடி, மூக்கையூர் எனக் கரை நெடுகப் படகுகளைப் பழுதுபார்த்து வர்ணம் பூசும் அந்த நாட்களில்தான், பிள்ளைகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்ற பேச்சும் வீடுகளில் நடக்கும். அண்மை ஆண்டுகளில் அந்தப் பேச்சுக்கு நடுவே முப்பது, நாற்பது வயதைக் கடந்தவர்கள் தங்களுக்கும் ஒரு படிப்பைத் தேடுவதைப் பார்க்கிறேன். மகளிர் குழுக் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளர், மீனவர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர், பள்ளித் தலைமையாசிரியை, கடல் உணவு பதப்படுத்தும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர், வளைகுடா நாட்டில் பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பியவர் என இவர்கள் பலதரப்பட்டவர்கள். மனிதர்களைச் சேர்த்துவைத்து வேலை நடத்துவது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான தொழில்; அதை முறையாகக் கற்றதில்லை என்ற குறையும் அவ்வாறே பொதுவானது.

இவர்கள் தேடும் படிப்புக்குப் பல பெயர்கள் உண்டு. தலைமைத்துவமும் அமைப்பு மேம்பாடும் என்ற பெயரிலேயே சில இடங்களில் கிடைக்கிறது. பெரும்பாலான இந்தியப் பல்கலைக்கழகங்களில் மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ.வுக்குள் அது சில தாள்களாக அடங்கியிருக்கிறது. மண்டபம் ஒன்றியத்தில் மகளிர் கூட்டமைப்புப் பணியில் இருந்துகொண்டே தொலைநிலை வழியில் முதுநிலைப் பட்டம் முடித்தவள் நான். இரண்டு ஆண்டுப் படிப்பை முடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகள் கற்றுக்கொடுத்ததை வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். நெகிழ்வான படிப்புகளை ஒப்பிடும்போது, எவ்வளவு நெகிழ்வு கிடைக்கும் என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். நாம் எழுதுவதை யார் படித்துத் திருத்துவார்கள், யாருடன் சேர்ந்து கற்போம் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது கேள்வியே கனமானது என்பது என் முடிவு. ஏன் என்று சொல்வதற்கு முதலில் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாடம் எதைக் கற்பிக்கிறது

ஒரு சங்கமோ நிறுவனமோ சேர்ந்து வேலை செய்யும் முறையைச் சீராக்குவதைப் பேசும் அமைப்பு மேம்பாடு என்ற துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் குர்ட் லெவின் (1890–1947). ஒரு கூட்டம் ஏதோ ஒரு நிலையில் நின்றுவிட்டது என்றால், அதை முன்னே தள்ளும் விசைகளும் பின்னே இழுக்கும் விசைகளும் அங்கே சமமாகி நிற்கின்றன என்று அவர் விளக்கினார். தள்ளும் விசையைக் கூட்டினால் எதிர்ப்பும் பதற்றமும் கூடும். இழுக்கும் விசைகளைக் கண்டறிந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் கூட்டம் தானாக நகரும் என்பது அவருடைய கருத்தின் சாரம்.

நம் கரையில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பாக் நீரிணையின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றும் திட்டம் 2017-இல் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு. ஒரு படகின் மதிப்பு 80 லட்ச ரூபாய் என்று வகுக்கப்பட்டு, அதில் 70 விழுக்காடு மானியமாகவும், 20 விழுக்காடு வங்கிக் கடனாகவும், மீதி 10 விழுக்காடு மீனவரின் பங்காகவும் அமைந்தது. மானியம் இவ்வளவு பெரிதாக இருந்தும், இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. லெவினின் கண்ணோடு பார்த்தால், மானியம் என்பது தள்ளும் விசை. ஒருநாள் தங்கலுக்குப் பழகிய ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் இருக்க வேண்டியிருப்பது, ஆழம் குறைந்த பாக் நீரிணையில் பெரிய படகை நிறுத்த இடமில்லாதது, புதிய தூண்டில் முறைக்குத் தேர்ந்த ஆட்கள் கிடைக்காதது, கடன் தவணை நிற்காமல் ஓடுவது ஆகியவை இழுக்கும் விசைகள். இப்படி ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் மீனவர் சங்கத்தில் இருந்திருந்தால் திட்டம் வென்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே தடுக்கிறது என்று அரசு அதிகாரிகளிடம் சங்கத்தின் வாயிலாகவே வரிசைப்படுத்திச் சொல்லியிருக்க முடியும் என்று மட்டும் உறுதியாக நம்புகிறேன்.

எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதிய ஆய்வும் நமக்கு நெருக்கமானதுதான். சிறு குழுவாகச் சேர்ந்து, தங்களுக்குள் வேலையைப் பகிர்ந்துகொண்டு உழைத்த சுரங்கத் தொழிலாளர்களைப் புதிய இயந்திர முறை தனித்தனி ஆட்களாகப் பிரித்துப் போட்டபோது வேலையும் கெட்டது, மனமும் கெட்டது என்பதை அவர்கள் காட்டினார்கள். நாட்டுப்படகில் சம்மாட்டி எனப்படும் படகு உரிமையாளரும் ஆட்களும் பங்கு முறையில் தொழில் செய்வதையும், தொழிலாளர்கள் கூலிக்கு மாறும்போது படகில் பேச்சே குறைந்துபோவதையும் பார்த்தவர்களுக்கு அந்த ஆய்வு புதிதாகத் தோன்றாது. இதே சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953-இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தறிக்கூடத்தில் தொழிலாளர்களைக் குழுக்களாக அமைத்துப் பார்த்த முயற்சி இந்தத் துறையின் பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. பின்னர் உதய் பரீக், டி. வி. ராவ் ஆகிய இருவரும் 1970-களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்கு வகுத்துக் கொடுத்த மனிதவள மேம்பாட்டு முறை இந்தியாவில் இந்தத் துறைக்கு ஒரு வடிவம் கொடுத்தது. ஆக, இது வெளியிலிருந்து இறக்குமதியான பாடம் மட்டும் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

இந்தப் பாடத்தின் தனித்தன்மை, கற்பவர் தன் கையாலேயே ஓர் அமைப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான். குழுவுக்குள் எழும் பூசலைப் பற்றிப் பத்துப் பக்கம் படிக்கலாம். ஆனால் நான் பேசும்போது எதிரே இருப்பவர் ஏன் வாயை மூடிக்கொள்கிறார் என்பதை இன்னொருவர் சொல்லாமல் நானாக அறிய முடியாது. கணக்குப்பதிவியலையோ வரலாற்றையோ தனியாக அமர்ந்து கற்றுவிட முடியும் என்று சொல்வதைப் போல இதைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே.

மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கல்லூரிகளை ஒப்பிடுவதற்கு முன் நம் வாரத்தை ஒப்பிட வேண்டும். நம் நாட்டுத் தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு என்று கணக்கிடுகிறார்கள். 80 கிரெடிட் கொண்ட ஒரு முதுநிலைப் படிப்பு என்றால் 2,400 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் முடிக்க நினைப்பவர் 104 வாரங்களால் வகுத்தால் வாரத்துக்கு 23 மணி நேரம் வரும். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கு மேல். நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம் என்று முதலிலேயே முடிவு செய்தால் அது வாரத்துக்குப் பதினொன்றரை மணி நேரமாகக் குறைகிறது. நான் முதல் கணக்கோடு சேர்ந்து, இரண்டாவது கணக்கில் முடித்தவள். இடைப்பட்ட காலத்தில் பட்ட மனவருத்தம், தொடக்கத்திலேயே நான்கு ஆண்டு என்று திட்டமிட்டிருந்தால் தவிர்க்கக்கூடியதாக இருந்தது.

வாரம் என்று சொன்னாலும் நம் கரையில் எல்லா வாரமும் ஒன்றல்ல. விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற முறையில் கடல் பங்கிடப்பட்டிருக்கும் ஊர்களில், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கும் நாளில் சங்கச் செயலாளருக்கு ஒரு பக்கம்கூடப் படிக்க நேரமிருக்காது. கடல்பாசி வளர்க்கும் பெண்களுக்கு 45 நாள் அறுவடைச் சுற்று இருக்கிறது. அறுவடை வாரத்தில் கூட்டமைப்புப் பொறுப்பாளரின் கைபேசி ஓய்வதில்லை. வாடைக்காற்று தொடங்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையும் மின்தடையும் சேர்ந்து வரும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் பருவத்தேர்வுகள் பெரும்பாலும் ஜூனிலும் டிசம்பரிலும் நடப்பதால், ஜூன் தேர்வு தடைக்காலத்தின் ஓய்வோடு ஒட்டி வந்து நமக்கு உதவுகிறது. டிசம்பர் தேர்வோ மழைக்காலத்தோடு மோதுகிறது. ஆகவே கடினமான தாள்களை ஜூனுக்கும், எளிதானவற்றை டிசம்பருக்கும் ஒதுக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்பதையே நெகிழ்வின் முதல் அளவுகோலாக நான் கொள்வேன். பருவத்துக்கு இத்தனை தாள், தவறினால் அடுத்த ஆண்டு என்று கட்டாயப்படுத்தும் படிப்பு, இணையவழியில் நடந்தாலும் நமக்கு நெகிழ்வானது ஆகாது.

தீவில் இருப்பவர்கள் தேர்வு மையம் எங்கே என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை இராமேசுவரத்துக்காரர்கள் பேருந்தையே நம்பி இருந்தார்கள். காலை பத்து மணித் தேர்வுக்கு இராமநாதபுரம் என்றால் விடியலில் கிளம்பினால் போதும். மதுரை என்றால் முந்தைய நாளே போய்த் தங்க வேண்டும். எட்டுத் தாளுக்கு எட்டு இரவுத் தங்கல் என்றால் அதுவும் கட்டணத்தின் ஒரு பகுதிதான்.

ஐந்து வழிகள்

முதலாவது, இக்னோ என்று நாம் அழைக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கப்பட்டது. நம் மாவட்டம் அதன் மதுரை மண்டல மையத்தின் கீழ் வருகிறது. மனிதவள மேலாண்மையில் எம்.பி.ஏ. படிப்பைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளிலும், அதிக அளவாக நான்கு ஆண்டுகளிலும் முடிக்கலாம். இளநிலையில் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 45 விழுக்காடும் பெற்றிருந்தால் சேரலாம். முழுக் கட்டணமும் ஒரு லட்ச ரூபாய்க்குள் அடங்கிவிடும். அச்சிட்ட பாடநூல்கள் நன்றாக எழுதப்பட்டவை; மின்சாரம் இல்லாத இரவிலும் அரிக்கேன் வெளிச்சத்தில் படிக்கலாம் என்பதை நான் சிறப்பாகவே கருதுகிறேன். ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடும் பருவத்தேர்வுக்கு 70 விழுக்காடும் என்ற மதிப்பீட்டு முறையில்தான் இதன் பலவீனம் இருக்கிறது. எழுபது விழுக்காடு மதிப்பெண் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் இருக்கும்போது, மனனம் செய்பவர் தேறிவிடுவார். மனிதர்களோடு பழகக் கற்றவர் தேறுவதற்கு அதனால் எந்த உறுதியும் இல்லை. பாடமொழி தமிழ் அல்ல என்பதையும் தமிழ்வழியில் படித்தவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள். இக்னோ தொடங்கிய அதே 1985-இல் காரைக்குடியில் தோன்றிய அழகப்பா பல்கலைக்கழகம்தான் இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கல்லூரிகளுக்குத் தாய். அதன் தொலைநிலைப் பிரிவில் எம்.பி.ஏ. பல சிறப்புப் பாடங்களோடு நடந்து வருகிறது. சென்னை சைதாப்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் அமைந்தது. தமிழில் படித்துத் தமிழில் எழுத விரும்புகிறவர்களுக்கு அங்கே பல முதுநிலைப் படிப்புகள் உள்ளன. தலைமைத்துவம் என்ற சொல் பட்டத்தின் பெயரில் இல்லையே என்று சிலர் தயங்குகிறார்கள். சமூகப்பணி, பொது நிர்வாகம் போன்ற படிப்புகளுக்குள் மக்களை ஒருங்கிணைத்தல், குழு இயக்கம், நிர்வாக மாற்றம் ஆகியவை இருக்கின்றன; நம் ஊர் நிர்வாகத்துக்கும் குழுக்களுக்கும் அவை ஆலை நிர்வாகத்தைப் பேசும் எம்.பி.ஏ. தாள்களைவிட நெருக்கமானவை. சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். குழு இயக்கம், மாற்ற மேலாண்மை, ஆய்வு முறை, கள ஆய்வு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

காரைக்குடிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு, அது அருகில் இருப்பது. இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், தேவகோட்டை வழியாகக் காலையில் போய் ஆசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். இதை நான் மிகைப்படுத்தவில்லை. என் நான்கு ஆண்டுகளில் நான் சேர்ந்த படிப்பு மையத்துக்கு அனுப்பிய ஒப்படைப்புகளில் பெரும்பாலானவை மதிப்பெண்ணோடு மட்டும் திரும்பின. சில திரும்பவே இல்லை. பாம்பன் பெண்களின் குழுவில் நடந்த கடன் தகராறைப் பற்றி இருபது பக்கம் எழுதியிருந்தேன். அதை ஒருவர் படித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நேரில் போய்க் கேட்கக்கூடிய தொலைவில் மையம் இருந்திருந்தால் அந்த இருபது பக்கம் எனக்கு ஒரு பாடமாகியிருக்கும்.

மூன்றாவது வழி, பணியில் இருப்பவர்களுக்கென்று வகுக்கப்பட்ட, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் நேரில் வகுப்பு நடக்கும் படிப்பு. 1936-இல் தொடங்கப்பட்ட மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் அமைப்பு மேம்பாடு, மாற்றம், தலைமைத்துவம் ஆகியவற்றையே பெயராகக் கொண்ட முதுநிலைப் படிப்பைக் கற்பித்து வந்திருக்கிறது. பாடத்தின் உண்மையான உருவத்தை இந்தியாவில் பார்க்க வேண்டும் என்றால் இத்தகைய படிப்பில்தான் பார்க்க முடியும்: சக மாணவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், ஆசிரியர் முகத்தை நேரே பார்த்துப் பேசுகிறார், எழுதியதற்குப் பதில் கிடைக்கிறது. செலவும் பயணமும் விடுமுறையும்தான் தடை. மேலாளர் கையொப்பம் இட்டு விடுப்புத் தருவார் என்ற உறுதியும், கட்டணத்தில் ஒரு பகுதியையாவது நிறுவனம் ஏற்கும் என்ற நிலையும் இருந்தால் நான் வேறு எதையும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அந்த நிலை நம் கரையில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்ததே.

நான்காவது, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இணையவழிப் பட்டங்கள். அமெரிக்காவில் இந்தத் துறையின் முதுநிலைப் படிப்புகள் பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட் அளவில் அமைகின்றன. அங்கே ஒரு கிரெடிட்டின் பொருள் வேறு என்பதால் எண்ணைப் பார்த்துச் சுலபம் என்று எண்ணக்கூடாது. ஒரு கிரெடிட்டுக்குச் சில நூறு டாலர் என்ற கணக்கில் கட்டணம் ஏறும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்கு நடக்கும் நேரடி வகுப்பு நமக்குக் கோடையில் அதிகாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ மறுபடியும் வேலைக்குப் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது பயன்படலாம். உள்நாட்டில் அரசுப் பணிக்கோ ஆசிரியர் பதவி உயர்வுக்கோ காட்ட நினைப்பவர்கள், இந்தப் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதை எழுத்தில் பெறாமல் ஒரு ரூபாயும் அனுப்பக்கூடாது.

ஐந்தாவது, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிப்பது. நெகிழ்வான படிப்புகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை என்றாலும், ஒப்பீட்டுக்காகச் சொல்ல வேண்டும். மதுரையில் ‘தான்’ (DHAN) என்ற அறக்கட்டளையின் அகாடமி வளர்ச்சி மேலாண்மையில் இரண்டு ஆண்டு முழுநேர விடுதிப் படிப்பை நடத்துகிறது. அங்கே களத்தில் மக்களோடு இருப்பதே பாடத்தின் பெரும்பகுதி. இருபத்தைந்து வயதுக்குள், குடும்பப் பொறுப்பு இன்னும் தலையில் ஏறாத தம்பி தங்கைகள் நெகிழ்வான படிப்பைத் தேடி வரும்போது, முதலில் இத்தகைய இடங்களுக்கு விண்ணப்பியுங்கள் என்றே சொல்கிறேன். நெகிழ்வு என்பது வேறு வழியில்லாதவர்களுக்கான வசதி. வழி இருக்கும் வயதில் அதை விரும்பித் தேட வேண்டியதில்லை.

எந்த வழியானாலும் அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது ஒரு மணி நேர வேலை. தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தருகிறது. எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு எந்தப் பருவம் வரை அனுமதி என்பதை அதன் தளத்தில் பார்க்கலாம். இப்போது சேருவதற்கு முன் மாணவரே அங்கே பதிந்து தனி அடையாள எண் பெற வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. கடைவீதியில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை ஓர் ஆண்டில் வாங்கித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் இந்த அடையாள எண்ணைப் பற்றிக் கேட்டாலே போதும். முகவர் முறையில் படிப்பு நடத்துவதை விதிகள் தடை செய்கின்றன.

இன்னொரு வசதியும் இந்த விதிகளால் வந்திருக்கிறது. கிரெடிட் வங்கி என்ற முறையில், பெற்ற கிரெடிட்டுகளை ஏழு ஆண்டுகள் வரை சேமித்து வைக்கலாம். பேறுகாலம், கணவரின் நோய், புயல் சேதம் என்று நடுவில் நிறுத்த நேர்ந்தால் படித்தது வீணாகாது. பெண்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன். என்னோடு சேர்ந்த பெண்களில் பாதிப்பேர் படிப்பை விட்டதற்குக் காரணம் பாடம் கடினம் என்பது அல்ல, ஒரு முறை நின்றால் எல்லாம் போயிற்று என்ற எண்ணந்தான்.

பட்டம் தராததை எப்படிச் சேர்த்துக்கொள்வது

முதல் இரண்டு வழிகளில் செலவு குறைவு, காலம் நம் கையில் இருக்கிறது, அங்கீகாரம் உறுதி. நம் கரையில் பெரும்பாலோருக்குப் பொருந்துவதும் அவைதான். அவற்றில் குறைவது துணை. அதை வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள முடியும் என்பதால்தான் நான் அவற்றைப் பரிந்துரைக்கத் துணிகிறேன்.

முதலில், தனியாகச் சேராதீர்கள். ஒரே படிப்பில் மூன்று பேர் சேர்ந்தால் போதும். உச்சிப்புளியில் ஒருவரும் தங்கச்சிமடத்தில் ஒருவரும் இராமநாதபுரத்தில் ஒருவரும் இருந்தாலும் மாதம் இரண்டு ஞாயிறு சந்திக்க முடியும். ஒவ்வொருவரும் தம் வேலையிடத்தில் அந்த இரு வாரத்தில் நடந்த ஒரு கடினமான உரையாடலை, யார் என்ன சொன்னார் என்று சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு வர வேண்டும். மற்ற இருவரும் கேள்வி கேட்க வேண்டும், தீர்வு சொல்லக்கூடாது. என் மூன்றாம் ஆண்டில் இரண்டு தோழிகளோடு இதைத் தொடங்கிய பிறகுதான் பாடநூலில் படித்தது எனக்குள் இறங்கியது. கூட்டத்தில் நான் கேள்வி கேட்பதாக நினைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை அவர்கள்தான் காட்டினார்கள். அதுவரை எங்கள் கூட்டமைப்பில் பெண்கள் பேசாமல் இருந்ததற்கு அவர்களுடைய கூச்சத்தையே காரணமாகச் சொல்லிவந்தேன்.

அடுத்து, வாய்ப்பிருந்தால் படிப்புக் காலத்தில் ஒரு முறையாவது மனித உறவுப் பயிலரங்கு ஒன்றுக்குப் போய் வாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்து, நிகழ்ச்சி நிரல் எதுவும் இல்லாமல், அந்த நேரத்தில் தங்களுக்குள் நடப்பதையே பாடமாகக் கொள்ளும் இந்த முறை லெவினின் வழிவந்தது. அமெரிக்காவின் பெத்தேல் என்ற சிற்றூரில் 1947-இல் முதல் பயிலரங்கு நடந்தது. இந்தியாவில் பயன்முறை நடத்தை அறிவியலுக்கான இந்தியச் சங்கம் பல ஆண்டுகளாக இதை நடத்தி வருகிறது. ஆறேழு நாட்களில் கிடைக்கும் இந்த அனுபவத்துக்குத் தொலைநிலைப் பாடத்தின் எந்தத் தாளும் ஈடாகாது.

கடைசியாகச் சொன்னாலும் முதன்மையானது ப்ராஜெக்ட். பலர் அதை இறுதிப் பருவத்தின் சடங்காக எடுத்துக்கொண்டு, இணையத்தில் கிடைக்கும் வினாப்பட்டியலை வைத்து ஐம்பது பேரிடம் பணி மனநிறைவு பற்றிக் கேட்டு முடித்துவிடுகிறார்கள். நம் கரையில் இருப்பவர் அப்படிச் செய்வது பெரும் இழப்பு. எரிபொருள் விலை ஏற ஏறப் பங்கு முறையில் சம்மாட்டிக்கும் ஆட்களுக்கும் இடையே எழும் பிணக்கு. கடல்பாசிக் குழுக்களில் ஆண்டுதோறும் தலைவி மாற வேண்டும் என்ற விதி இருந்தும் அதே பெண் தொடர்வதற்கான காரணம். ஊர்க் கமிட்டியும் ஜமாஅத்தும் தேவாலயத்தின் பங்குப் பேரவையும் எடுக்கும் முடிவுகளோடு அரசு அமைத்த குழுக்களின் முடிவுகள் ஒத்துப்போகும் விதம். பதப்படுத்தும் கூடத்தில் பக்கத்து ஊர்ப் பெண்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் ஒரே மேசையில் வேலை செய்யப் பழகும் முறை. இவை ஒவ்வொன்றும் ஒரு முதுநிலை ஆய்வுக்குப் போதுமானவை. முடிவை அந்த மக்களிடமே திரும்பக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டி, அவர்கள் என்ன மாற்றம் செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் லெவின் சொன்ன செயல்வழி ஆய்வு. வழிகாட்டி ஆசிரியர் இத்தகைய தலைப்பை ஏற்பாரா என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்க முடியும், கேட்க வேண்டும்.

யாருக்கு எது

பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படும் ஆசிரியர்களும் அரசுப் பணியாளர்களும் தங்கள் துறையில் எந்தப் பட்டம் ஏற்கப்படும் என்பதை அலுவலகத்தில் எழுத்து வடிவில் உறுதி செய்துகொண்டு, இக்னோவிலோ மாநிலப் பல்கலைக்கழகத்திலோ சேரலாம். மகளிர் கூட்டமைப்பு, மீனவர் சங்கம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு, தமிழில் எழுதக்கூடிய சமூகப்பணி அல்லது பொது நிர்வாகப் படிப்பை நான்கு ஆண்டுத் திட்டத்தோடு, மூவர் குழுவாகச் சேர்ந்து படிப்பதே சிறந்தது என்பது என் கருத்து. தங்கள் மக்களிடம் பேசும் மொழியிலேயே ஆய்வை எழுதினால்தான் அதை அவர்களிடம் படித்துக் காட்ட முடியும். தனியார் நிறுவனத்தில் மேலாளர் நிலையை எட்டியவர்களுக்கு, நிறுவனம் துணை நின்றால் மூன்றாவது வழி. நில்லாவிட்டால் மனிதவள எம்.பி.ஏ.வும் ஒரு பயிலரங்கும். வளைகுடாவிலிருந்து திரும்பி ஊரில் சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கியவர்களுக்கு முழுப் பட்டமே வேண்டுமா என்ற ஐயம் எனக்கு உண்டு. இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பில் முதல் ஆண்டோடு முதுநிலைப் பட்டயம் பெற்று விலகும் வழியைப் புதிய பாடத்திட்ட வரையறை திறந்துவிட்டிருக்கிறது. அந்த ஓர் ஆண்டு போதுமா என்று பார்த்துவிட்டு மேலே செல்லலாம்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் அமைப்பில் ஓர் ஆண்டுக்கும் மேலாகத் தீராமல் இருக்கும் ஒரு சிக்கலை இரண்டு பக்கத்தில், யாரையும் குறை கூறாமல் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கோ, மதுரைக்கோ, அருகிலுள்ள படிப்பு மையத்துக்கோ நேரில் போய், இதை இறுதி ஆண்டில் ப்ராஜெக்டாகச் செய்ய வழிகாட்டுவீர்களா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் அந்த இரண்டு பக்கத்தை வாங்கி, உங்கள் முன்னிலையிலேயே படித்து, ஒரு கேள்வியாவது திருப்பிக் கேட்டால் அந்த இடத்தில் சேருங்கள்.